முடி உதிர்வு மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா?

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர், கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை செய்பவர், தகப்பனாரின் பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் நான் வேலை செய்யும் ஹட்டன் மருந்தகத்துக்கு வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் காட்டினார். அடக்கத்தன்று எடுத்த மொட்டையில் முடி அரை சென்டிமீற்றர் அளவுக்கு முளைத்திருந்தது. "அண்ணே, அப்பா போன நாள்ல இருந்து தலைக்கு மருந்து போடல. ரெண்டு வருசமாப் போட்டு வந்த முடி. இனி எல்லாம் கொட்டிருமா?" என்று மெதுவான குரலில் கேட்டார். அப்பாவை இழந்த துக்கத்தில் இருக்கும்போது முடியைப் பற்றிக் கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்ததை முகத்திலேயே பார்க்க முடிந்தது. இதில் கூச்சப்பட எதுவுமில்லை என்று சொல்லி, உட்கார வைத்துப் பேசினேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அவருடைய கேள்விக்கு விடை, பதினாறு நாள் இடைவெளியால் எதுவும் கெட்டுப்போகாது என்பதுதான். ஆனால் விடையை மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்த முறை இடைவெளி இரண்டு மாதமாக நீளும்போது அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஆகவே கணக்கு எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. இங்கே நான் பேசுவது, பரம்பரையாக வரும் வழுக்கைக்கும், பெண்களுக்கு வகிட்டுப் பக்கம் முடி ஐதாகும் நிலைக்கும் தொடர்ந்து எடுக்கப்படும் மருந்துகளைப் பற்றி மட்டுமே. திட்டுத் திட்டாக முடி போகும் புழுவெட்டுக்கும், தலைத்தோல் நோய்களுக்கும் கணக்கு வேறு.

நம் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடங்கள் வரை மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீற்றர் வீதம் வளர்கிறது. பிறகு 2, 3 வாரங்களில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. அதன் பின் சுமார் 3 மாதங்கள் ஓய்வில் கிடந்து உதிர்கிறது. அதே மயிர்க்காலிலிருந்து புதிய முடி கிளம்புகிறது. தேயிலைத் தோட்டத்தில் எல்லா மலைகளையும் ஒரே மாதத்தில் கவ்வாத்து வெட்டுவதில்லை என்பது நமக்குத் தெரியும். இந்த வருடம் ஏழாம் நம்பர் மலை, அடுத்த வருடம் கோயிலுக்கு மேலே இருக்கும் மலை என்று முறை வைத்து வெட்டுவதால்தான், ஒரு மலை குச்சி குச்சியாக நின்றாலும் தோட்டம் முழுவதும் பச்சையாகவே தெரிகிறது. தலையிலும் அப்படித்தான். பத்தில் ஒன்பது பங்கு முடி வளர்ந்துகொண்டிருக்க, மிச்சம் ஓய்வில் இருக்கிறது. ஓய்வு முடிந்தவை நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்கின்றன. அந்த அளவு உதிர்வதுதான் சுகமான தலையின் வழக்கம்.

இந்த 3 மாத ஓய்வு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி விடயம் விளங்கிவிடும். மயிர்க்காலுக்கு இன்று ஏற்படும் குறை, நாளைக்குச் சீப்பில் தெரியாது. அந்தக் குறையால் இன்று ஓய்வுக்குப் போகும் முடி, இன்னும் 2, 3 மாதம் கழித்துத்தான் கையோடு வரும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை நாட்டில் தடை செய்தபோது, மறுவாரமே கொழுந்து குறைந்துவிடவில்லை. மண்ணில் மிச்சமிருந்த சத்தில் செடி தளிர்த்துக்கொண்டுதான் இருந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, தடை நீங்கிய பிறகு வந்த 2022 இல்தான் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து எடுக்கும் எங்கள் அக்காமார் அந்த வருடம் நிறை குறைந்து பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். செடிக்கும் முடிக்கும் நிறுத்திய நாளும் இழப்புத் தெரியும் நாளும் ஒன்றல்ல.

இனி மருந்துகளுக்கு வருவோம். தலையில் பூசும் மினொக்சிடில், முதலில் கடுமையான இரத்த அழுத்தத்துக்கான குளிசையாகத்தான் வந்தது. அமெரிக்காவில் 1979 இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அதை விழுங்கியவர்களுக்கு உடம்பில் முடி கூடுதலாக வளர்வதைக் கண்ட பிறகே தலைக்குப் பூசும் திரவம் உருவாகி, 1988 இல் ஆண்களுக்கென்று அங்கே அனுமதிக்கப்பட்டது. மயிர்க்காலில் இருக்கும் ஒரு நொதி இம்மருந்தைச் செயற்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அது ஓய்வில் கிடக்கும் மயிர்க்கால்களை எழுப்பி, வளரும் காலத்தை நீட்டிக் கொடுக்கிறது. வழுக்கைக்குக் காரணமான ஹோர்மோனை அது தொடுவதே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் அந்த முடி நிற்கும். நிரந்தரமாகக் கையை எடுத்தால், மருந்தால் நின்றுகொண்டிருந்த முடிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். முறை வைத்து வெட்ட வேண்டிய மலைகளை ஒரே மாதத்தில் கவ்வாத்து வெட்டியது போல.

அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? 1999 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிலருக்கு 96 வாரங்கள் மினொக்சிடில் பூச வைத்து, தலையின் குறித்த ஓர் இடத்து முடியை அவ்வப்போது வெட்டி எடை பார்த்தார்கள். மருந்து பூசியவர்களின் முடி எடை தெளிவாகக் கூடியிருந்தது. பிறகு மருந்தை முழுவதும் நிறுத்தினார்கள். 24 வாரங்களுக்குள் அந்தக் கூடுதல் எடை போய், மருந்தில்லாதவர்களின் நிலைக்கே வந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருட உழைப்பு ஆறு மாதத்துக்குள் கரைந்தது என்பது கேட்கக் கசப்பாக இருந்தாலும், ஆறு வாரத்தில் அல்ல, ஆறு மாதத்தில் என்பதையும் அதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். நிறுத்தி 3, 4 மாதங்கள் ஆகும்போது உதிர்வு கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதே வழக்கம்.

ஆகவே பூசும் மருந்தைப் பொறுத்தவரை நான் சொல்வது இதுதான். ஒரு வேளை, இரண்டு வேளை தவறினால் அதை மறந்துவிட்டு அடுத்த வேளை வழக்கமான அளவைப் பூசிக்கொள்ளலாம். விட்டுப்போனதற்காக இரட்டிப்பாக ஊற்றிக்கொள்ளக் கூடாது. அது முடிக்கு உதவாது, தலைத்தோல் எரியும், சிலருக்கு நெஞ்சு படபடப்பும் தலைச்சுற்றலும் வரும். ஒரு வாரம், இரண்டு வாரம் என்றாலும் பயப்படத் தேவையில்லை. ஒரு மாதத்தைத் தாண்டும்போது கவலைப்படத் தொடங்க வேண்டும், சிலருக்குப் பிறகு சற்று உதிரக்கூடும். மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் அதை இடைவெளி என்று சொல்ல முடியாது. மருந்தை நிறுத்திவிட்டீர்கள் என்றே கொள்ள வேண்டும்.

பினாஸ்டரைட் குளிசையின் வழி வேறு. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோனிலிருந்து உடம்பு டிஎச்டி என்ற வீரியமான வடிவத்தைச் செய்துகொள்கிறது. பரம்பரையில் அதற்கான தன்மை உள்ளவர்களுக்கு, நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களை அது சிறுகச் சிறுகச் சுருக்கிவிடுகிறது. 1997 இல் அமெரிக்காவில் முடி உதிர்வுக்கென்று அனுமதிக்கப்பட்ட 1 மில்லிகிராம் குளிசை, இரத்தத்திலுள்ள டிஎச்டியை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது. குளிசையில் பாதி 5, 6 மணித்தியாலங்களில் இரத்தத்திலிருந்து போய்விடும். ஆனாலும் நிறுத்திய பின் டிஎச்டி பழைய அளவுக்கு ஏறுவதற்குச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும், அது ஏறிய பிறகும் மயிர்க்கால் மீண்டும் சுருங்குவதற்கு மாதங்கள் ஆகும். முற்றாக நிறுத்தினால் கிடைத்த பலன் 12 மாதங்களுக்குள் போய்விடும் என்பதே அறிந்த கணக்கு. ஆகவே ஊருக்கு வரும்போது குளிசை அட்டையைக் கொழும்பு அறையில் மறந்துவிட்டு வந்தவர், பத்து நாள் அதை எடுக்காததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதே வகையைச் சேர்ந்த டூட்டாஸ்டரைட் இன்னும் மெதுவாகவே வெளியேறும். அதன் பாதி போவதற்கே ஏறத்தாழ 5 வாரம் எடுக்கும். அதனால் சில நாள் விடுபடுவது அதற்குப் பொருட்டே அல்ல. பக்கவிளைவு வந்து நிறுத்தினாலும் அது உடனே உடம்பை விட்டுப் போகாது என்பதும் இதே காரணத்தால்தான்.

மொட்டை எடுத்த தம்பிக்கு வருகிறேன். மொட்டை எடுத்தால் மருந்தை நிறுத்தத்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சவரக்கத்தி வெட்டுவது தோலுக்கு வெளியே நிற்கும் முடியை மட்டுமே. மருந்து வேலை செய்யும் மயிர்க்கால் தோலுக்கு உள்ளே அப்படியே இருக்கிறது. மொட்டை எடுத்தால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பது உண்மையல்ல. வெட்டிய முனை மொண்ணையாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். குளிசை எடுப்பவர் மொட்டைக்காக ஒரு நாளும் நிறுத்தத் தேவையில்லை. பூசும் மருந்துக்கு மட்டும் ஒரு நியாயமான காரணம் உண்டு. அந்தத் தம்பியின் பின்னந்தலையில் கத்தி பட்ட இரண்டு கீறல்கள் பொருக்குக் கட்டியிருந்தன. கீறிய தோல் மருந்தை அளவுக்கு மீறி உள்ளே இழுக்கும். அதில் இருக்கும் மதுசாரம் எரிச்சலையும் கொடுக்கும். கீறல் ஆறும் வரை சில நாட்கள் பொறுத்திருப்பதே சரி. பூசிய சந்தனத்தையும் கழுவி, தலை உலர்ந்த பிறகு பூச வேண்டும். பொருக்கு உதிர்ந்த பிறகு வழக்கமான அளவில் தொடங்கும்படி சொன்னேன். முடி குட்டையாக இருக்கும் இந்தக் காலத்தில் மருந்து தோலில் நன்றாகப் படும் என்பதையும் சொன்னேன்.

மலைநாட்டில் பலரிடம் நான் காணும் இன்னொரு வகை இடைவெளி, பூசியும் பூசாதது போல் ஆவது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் காலைக் குளிரில் மருந்தைத் தடவிய கையோடு கம்பளித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டால், மருந்தில் பாதி தொப்பிக்குத்தான் போய்ச் சேரும். காலையில் அவசரமாகப் பூசிக்கொண்டு மலைக்குப் போகும் அக்காமாரின் தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தும் இடத்திலும் இதே கதைதான். அவர்கள் வேலை முடிந்து வந்து குளித்து, தலை காய்ந்த பிறகு பூசுவது நல்லது. மருந்து உலர்வதற்குச் சில மணித்தியாலங்கள் கொடுத்துவிட்டுப் படுக்க வேண்டும். மருந்தில் மதுசாரம் இருப்பதால், பூசிய ஈரத்தோடு லயத்து அடுப்பு நெருப்பின் அருகில் குனிந்து ஊதக் கூடாது. இதை நான் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

காசில்லாமல் நிறுத்துபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் மருந்து வரத்துக் குறைந்து விலை ஏறியபோது, மாதாமாதம் வந்து வாங்கியவர்கள் நான்கைந்து மாதம் காணாமல் போனார்கள். திரும்பி வந்தபோது உச்சியில் தோல் தெரிந்தது. நாளுக்கு இரண்டு முறை 1 மில்லிலீற்றர் வீதம் பூசினால் 60 மில்லிலீற்றர் போத்தல் 30 நாட்களுக்கு வரும். கை இறுகும்போது பலர், ஒரு மாதம் பூசிவிட்டு அடுத்த மாதத்தை விட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதுதான் இருப்பதிலேயே மோசமான சிக்கனம். விட்டு விட்டுப் பூசுவதைவிட, 5 சதவீத மருந்தை வைத்தியரிடம் கேட்டு ஒரு நாளுக்கு ஒரு தடவையாக விடாமல் பூசுவது நல்லது.

நிறுத்தியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு, அங்கே முடியைப் பற்றிய பயம் குறுக்கே வரக் கூடாது. தலைத்தோல் சிவந்து, செதில் விட்டு, தாங்க முடியாமல் அரித்தால் மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் குற்றவாளி மினொக்சிடில் அல்ல. அதைக் கரைத்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கோல்தான். அது சேராத நுரை வகைக்கு மாறினால் தொடர முடியும். கால் வீங்குவது, நெஞ்சு படபடப்பது, மூச்சு வாங்குவது ஆகியவை மினொக்சிடிலைக் குளிசையாக எடுப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள். பினாஸ்டரைட் எடுக்கும் ஒருவருக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்தாலும், மனம் காரணமின்றிச் சோர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலும் அதை வெளியே சொல்ல வேண்டும். ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 இல், இத்தகைய எண்ணங்களை அக்குளிசையின் பக்கவிளைவாக உறுதிப்படுத்தியிருக்கிறது. இப்படிப்பட்ட நிலையில் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். போன முடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கர்ப்பம் தரித்தவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மினொக்சிடிலை விட்டுவிட வேண்டும். அது குறுகிய இடைவெளி அல்ல, ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம். முடியை அப்புறம் மீட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்வதே நல்லது. கணவன் பினாஸ்டரைட் எடுப்பவராக இருந்தால், கர்ப்பிணி மனைவி உடைந்த குளிசையையோ அதன் தூளையோ கையால் தொடக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். குழந்தைக்கு முயலும் ஆண்களில் சிலருக்கு வைத்தியர்கள் மூன்று மாதம் வரை குளிசையை நிறுத்தச் சொல்வதுண்டு. விந்தணு ஒன்று உருவாகி முடிய 74 நாட்கள் வரை ஆவதே அதற்குக் காரணம். இரத்ததானம் செய்ய விரும்புபவர் பினாஸ்டரைட் எடுப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசிக் குளிசைக்குப் பிறகு ஒரு மாதம் பொறுத்திருக்கும்படி பல நாடுகளின் இரத்த வங்கிகள் கேட்கின்றன. டூட்டாஸ்டரைட்டுக்கு அது ஆறு மாதம்.

நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாத காரணங்கள் இரண்டு. தலைக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நிறுத்துவது முதலாவது. இந்த மருந்துகளுக்கு அப்படி ஓர் ஓய்வு தேவைப்படுவதில்லை. விட்டுப் பிடித்தால் பலன் கூடும் என்பதும் இல்லை. மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க நிறுத்துவது இரண்டாவது. முதல் மாதத்தில் ஒன்றும் கொட்டாது. "பார்த்தீங்களா, மருந்து சும்மாதான்" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். நான்காம் மாதத்தில் விடை வரும், அதுவும் குளியலறைத் தண்ணீர் வாய்க்காலில் கொத்தாக வரும். சோதிக்க வேண்டுமென்றால், தொடங்கும் முன் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் ஒரே சன்னலருகே, ஒரே வெளிச்சத்தில் எடுத்து ஒப்பிடுவதே நட்டமில்லாத வழி.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். டெங்கு போன்ற கடுங்காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரமும் மருந்து பூசாதவர், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும்போது அந்த ஒரு வாரத்தையே நொந்துகொள்கிறார். அந்த உதிர்வு காய்ச்சலால் வந்தது. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ஏராளமான மயிர்க்கால்கள் ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடும். பிள்ளை பெற்ற பின் கொட்டுவதும் இதே வகைதான். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் திரும்பி வந்துவிடும். தோட்டத்துப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு சேர்ந்தால் உதிர்வு நீளும். எனவே அவர்கள் இன்னொரு போத்தல் வாங்கும் முன் இரத்தப் பரிசோதனை செய்வது மேல். நுவரெலியா, பதுளை, கண்டி அரச வைத்தியசாலைகளின் தோல் நோய் கிளினிக்குகளில் இதைப் பார்த்துச் சொல்வார்கள்.

மீண்டும் தொடங்குவதைப் பற்றி ஒன்று. சில வாரம் விட்டவர், விட்ட இடத்திலிருந்து பழைய அளவில் போகலாம். பல மாதம் விட்டவருக்கு, மினொக்சிடில் திரும்பத் தொடங்கிய 2 முதல் 8 வாரத்துக்குள் உதிர்வு கூடினால் திகைக்க வேண்டாம். ஓய்வில் கிடந்த பழைய முடியை, கீழிருந்து கிளம்பும் புதியது தள்ளிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் பயந்து மறுபடியும் நிறுத்துபவர்கள்தான் அதிகம், அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். மினொக்சிடில் குளிசை எடுப்பவர்கள் மட்டும் நீண்ட இடைவெளிக்குப் பின் தாமாகப் பழைய அளவில் தொடங்காமல் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பி வாங்கிய புதுப் போத்தலின் லேபலில், திறக்கும் திகதியை எழுதிக் கொடுத்தேன். அடுத்த போத்தல் வாங்க வேண்டிய நாளைப் பக்கத்தில் அவரே எழுதிக்கொண்டார்.